பால்கனியில் செடி வைத்தால் டென்ஷன் குறையுமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

ரீல்ஸைத் திறந்தால் யாராவது ஒருத்தர் கற்றாழைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, 'இதுதான் என் தெரபி' என்கிறார். ஆபீஸ் டென்ஷனுக்கு மணி பிளான்ட் மருந்தா? பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

அமெரிக்காவில் டென்வர் பகுதியில், தோட்டவேலைப் பழக்கம் இல்லாத 291 பேரை வைத்து கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குப் பொதுத் தோட்டத்தில் ஒரு பாத்தி, விதை, நாற்று, கொஞ்சம் பயிற்சி. மீதிப் பேர் காத்திருக்க வேண்டும். இதன் முடிவு 2023-ல் 'லான்செட் பிளானட்டரி ஹெல்த்' இதழில் வெளியானது.

தோட்டம் கிடைத்தவர்கள் மற்றவர்களைவிட தினமும் சுமார் 1.4 கிராம் நார்ச்சத்து கூடுதலாகச் சாப்பிட்டார்கள். வாரத்துக்குச் சுமார் 42 நிமிடம் கூடுதலாக உடல் அசைந்தது. வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் கால் பங்குக்கு மேல், ஜிம் பக்கமே போகாமல்! மன அழுத்தமும் பதற்றமும் குறைந்தன. ஆரம்பத்தில் அதிக அழுத்தத்தில் இருந்தவர்களுக்கே அதிகம் குறைந்தது.

உடல் எடை? அதில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. 'செடி வளர்த்தால் தொப்பை போகும்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அரை மணி நேரத்தில் மனசு மாறுமா?

நெதர்லாந்தில் 2011-ல் வெளியான ஆய்வு ஒன்று அடிக்கடி ஃபார்வர்டு ஆகிறது. 30 பேரை மூளையைக் கசக்கும் ஒரு டெஸ்ட் எழுதவைத்து, பிறகு பாதிப் பேரைத் தோட்டவேலைக்கும் பாதிப் பேரைப் புத்தகம் படிக்கவும் அரை மணி நேரம் விட்டார்கள். இரண்டு தரப்பிலும் கார்டிசால் எனும் அழுத்த ஹார்மோன் குறைந்தது. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இன்னும் அதிகமாக. ஆனால் அந்த 30 பேருமே ஏற்கெனவே தோட்டம் வைத்திருந்தவர்கள். பிடித்த வேலையைச் செய்தால் மனசு லேசாவது இயல்புதானே? ஃபார்வர்டில் இந்த வரி மட்டும் வராது.

'மண்ணில் இருக்கும் பாக்டீரியா சந்தோஷம் தரும்' என்பதும் அப்படித்தான். அந்த ஆய்வு எலிகளிடம் நடந்தது.

நம்ம ஊர் ஃபிளாட்டில் என்ன செய்வது?

டென்வரில் கிடைத்தது ஷெல்ஃபில் வைத்த ஒரு தொட்டி இல்லை. குனிந்து நிமிரும் வேலை, பறித்துச் சாப்பிடும் கீரை, பக்கத்துப் பாத்திக்காரரோடு பேச்சு எல்லாம் சேர்ந்ததுதான் அது. எதனால் எவ்வளவு பலன் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். சென்னையில் வாடகைக்கு இருப்பவருக்கு இதெல்லாம் கிடைக்கக்கூடிய ஒரே இடம் மொட்டை மாடி. அதன் சாவியோ அசோசியேஷன் கையில்! 'தண்ணீர் கசியும், வெயிட் தாங்காது' என்பார்கள். அந்தப் பயம் முழுக்கத் தப்பில்லை. ஈரம் ஊறிய செம்மண் நல்ல கனம். குரோ பேக்கில் தென்னை நார்க்கழிவைக் கலந்து, தரையில் படாமல் ஸ்டாண்டு மேல் வைத்தால் இரண்டு புகாருக்கும் பெருமளவு பதில் கிடைக்கும். தனியாகக் கேட்பதைவிட, நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து கேட்டால் சாவி கிடைக்க வாய்ப்பு அதிகம். பேச்சுத்துணையும் சேர்ந்தே வந்துவிடும்.

ஆரம்பிப்பவர்களுக்கு வெந்தயக்கீரை, அரைக்கீரை போதும். மூன்று, நான்கு வாரத்தில் சமையலுக்கு வந்துவிடும்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீரை மட்டும் வாரம் ஒருமுறையாவது கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். டெங்கு கொசு முட்டையிட அந்த ஒரு தட்டு போதும்.