மிச்சம் பிடித்ததைத் தின்றது யார்?

மைலேஜைக் கூட்டும் நுட்பங்களைக் கார் நிறுவனங்கள் வேண்டுமென்றே பூட்டி வைத்திருக்கின்றன என்ற சந்தேகம் பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் தலைதூக்கும். சான்றுகள் அதற்குத் துணை நிற்கவில்லை. ஜேம்ஸ் அட்கின்சன் 1882இல் வகுத்த என்ஜின் சுழற்சியைத் தூசி தட்டி எடுத்து, மின்மோட்டாரோடு இணைத்து, 1997இல் பிரியஸ் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது டொயோட்டா. எரிபொருளின் ஆற்றலில் உச்சமாக 37 சதவீதத்தை வேலையாக மாற்றிய அந்த வகை என்ஜின், 2018 கேம்ரி ஹைபிரிடில் 41 சதவீதத்தை எட்டியது. மோட்டார் துணை இல்லாத பெட்ரோல் என்ஜினிலேயே 14:1 அழுத்த விகிதத்தை 2011இல் சாதித்துக் காட்டியது மஸ்தா. 2019இல் டொயோட்டா தன்னுடைய சுமார் 24,000 காப்புரிமைகளைக் கட்டணமின்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று மற்றவர்களுக்குத் திறந்தும் விட்டது. ஆக, நுட்பம் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அதன் பலன் எங்கே போனது என்பதுதான் கேள்வி.

விடை காரின் எடையிலும் வேகத்திலும் இருக்கிறது. எம்ஐடி பொருளியல் அறிஞர் கிறிஸ்டோஃபர் நிட்டல் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்குப்போட்டுச் சொன்னது. 1980க்கும் 2006க்கும் இடையே அமெரிக்கப் புதுக் கார்களின் சராசரி மைலேஜ் 15 சதவீதம்தான் கூடியது. அதே காலத்தில் எடை 26 சதவீதம் ஏறியது. குதிரைத்திறன் இரண்டு மடங்கைத் தாண்டியது. எடையும் திறனும் 1980இல் இருந்த இடத்திலேயே நின்றிருந்தால், மைலேஜ் 60 சதவீதம் அளவுக்குக் கூடியிருக்கும். சம்பளம் உயர்ந்த கையோடு வாடகை கூடின வீட்டுக்குக் குடிபோன குடும்பத்தின் கதைதான் இது. வருமானம் கூடியது உண்மை. மாதக் கடைசியில் கையில் நிற்பது மட்டும் பழைய தொகைதான்.

நம் நாடும் அதே வழியில்தான் போகிறது. 1983இல் வந்த மாருதி 800இன் எடை 700 கிலோவைக்கூடத் தொடவில்லை. இன்று விருப்பமாக வாங்கப்படும் நடுத்தர எஸ்யூவிகள் 1,200 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன. 2023-24இல் விற்ற ஏறத்தாழ 42 லட்சம் பயணியர் வாகனங்களில் 25 லட்சம் எஸ்யூவி, எம்பிவி ரகங்கள். ஒரு நிறுவனம் விற்கும் கார்களின் சராசரிக் கரியமில வாயு அளவுக்கு வரம்பு கட்டும் ‘கஃபே’ விதி, 2017-18இல் கிலோமீட்டருக்கு 130 கிராம் என்று தொடங்கி, 2022-23இல் 113 கிராமாக இறுகியது. கேட்பதற்குக் கண்டிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வரம்பு எடையோடு முடிச்சுப் போடப்பட்டது: கார்களின் சராசரி எடை ஏற ஏற வரம்பும் தளரும். உடம்பைக் குறைக்கும் நிறுவனத்துக்குக் கண்டிப்பு, பெருக்கும் நிறுவனத்துக்குச் சலுகை என்பது விநோதமான சிக்கனம். வரியும் இதற்கு ஒத்து ஊதுகிறது. 2025 செப்டம்பரில் மாற்றிய ஜிஎஸ்டியிலும், 4 மீட்டரைத் தாண்டிய ஹைபிரிட் காருக்கும் அதே அளவுள்ள சாதாரணப் பெட்ரோல் காருக்கும் ஒரே 40 சதவீதம்தான்.

வாடிக்கையாளர் கேட்பதைத்தானே கொடுக்கிறோம் என்பார்கள் நிறுவனத்தார். பாதி உண்மை. அமெரிக்காவில் 1975இல் கேலனுக்கு 13.1 மைலாக இருந்த புது வாகனங்களின் சராசரி, அந்த ஆண்டே இயற்றப்பட்ட எரிபொருள் சிக்கனச் சட்டத்தின் அழுத்தத்தால் 1987இல் 22 மைலைத் தொட்டது. எண்ணெய் விலையும் அதற்குக் கைகொடுத்தது. பிறகு விலை சரிந்தது, விதி இறுகாமல் நின்றது; பயணியர் கார்களுக்கான விதியில் அடங்காத கனரகங்கள் பெருகின. 2004இல் சராசரி 19.3க்கு இறங்கிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் என்ஜின் நுட்பம் பின்னால் போகவில்லை. விருப்பம் என்பது வானத்திலிருந்து விழுவதல்ல. விலையும் விதியும் விளம்பரமும் சேர்ந்து வளர்ப்பது.

பாதுகாப்புக்கு எடை வேண்டும் என்ற வாதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. மோதலைத் தாங்கும் உடற்கூடு கொஞ்சம் எடை கேட்கும். ஆனால் காற்றுப்பைகளும் வழுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கருவியும் சில கிலோக்களில் அடங்கிவிடும். அதற்கு மேல் ஏறும் எடை உள்ளே இருப்பவரைக் காக்கும்போதே, எதிரே ஸ்கூட்டரில் வருபவரின் ஆபத்தைக் கூட்டுகிறது. மின்கார் வந்துவிட்டால் இந்தப் பேச்சே தேவையில்லை என்பவர்களுக்கும் ஒரு பதில்: இன்று விற்கும் பெட்ரோல் கார் இன்னும் 15 ஆண்டு சாலையில் ஓடும். கனத்த மின்காரும் பெரிய பேட்டரியையும் கூடுதல் மின்சாரத்தையும் கேட்கத்தான் செய்யும்.

அடுத்த கட்ட ‘கஃபே’ விதி 2027 ஏப்ரலுக்குத் திட்டமிடப்பட்டிருக்கிறது. அதில் எத்தனை கிராம் என்ற எண்ணைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். எடை கூடினால் வரம்பு எவ்வளவு தளரும் என்ற சிறிய கணக்கைத்தான் முதலில் படிக்க வேண்டும். என்ஜின் மிச்சம் பிடிப்பது பெட்ரோல் தொட்டியில் நிற்குமா, காரின் உடம்பில் ஏறுமா என்பதை அந்தக் கணக்கே தீர்மானிக்கும்.