உலையை மூட்டும் கரித்தூள்

விறகுக் கட்டையொன்றை அப்படியே அடுப்பில் வைத்தால் அது எளிதிற் பற்றுவதில்லை. அதனையே சிராய்களாகப் பிளந்து வைத்தால் உடனே பற்றிக்கொள்கின்றது. காற்றுப் படும் பரப்புப் பெருகுவதே இதற்குக் காரணம். நாம் நாள்தோறும் அடுப்படியிற் காணும் இவ்வுண்மையே தாது உருக்கும் பேருலைகளிலும் பயன்படுகின்றது.

மாணவர்கள் ஒரு கணக்குச் செய்து பார்க்கலாம். ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள கனவடிவான நிலக்கரிக் கட்டியின் புறப்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதனை மில்லிமீற்றரிற் பத்திலொரு பங்கு பக்கமுள்ள சிறு கனங்களாக்கினால் 10 இலட்சம் துணிக்கைகள் கிடைக்கும். அவற்றின் மொத்தப் பரப்போ 600 சதுர சென்ரிமீற்றர்! இத்தகைய தூளைக் காற்றோடு கலந்து உலையினுள் ஊதினால், அது எண்ணெய்ச் சுவாலைபோல நீண்டு எரிகின்றது.

செம்புத் தாதை உருக்கும் ஒருவகை உலையில், சுவாலை கூரையின்கீழ் ஓடித் தாதின்மேல் வெப்பத்தைப் பாய்ச்சும். அவ்வுலையிற் கரித்தூளை எரிக்க முயன்ற பலரைச் சாம்பலே தோற்கடித்தது. கட்டிக்கரியின் சாம்பல் பெரும்பாலும் அடுப்புத் தட்டிலேயே தங்கிவிடும். தூளின் சாம்பலோ சுவாலையோடு பறந்து, உருகிய தாதின்மேற் போர்வையாய்ப் படிந்தது, புகைவழியையும் அடைத்தது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள கொப்பர் கிளிவ் உருக்காலையில், டேவிட் பிரவுண் என்னும் உலோகவியலாளர் 1911ஆம் ஆண்டில் இம்முறையில் வெற்றி கண்டார். கரியை நன்கு உலர்த்துதல், மிக நுண்ணிதாக அரைத்தல், சாம்பல் தங்காவண்ணம் புகைவழியை அமைத்தல் ஆகியனவே வெற்றிக்கு வழியாயின. பின்னர் அமெரிக்காவின் அனக்கொண்டா உருக்காலையும் இம்முறையை மேற்கொண்டது.

இன்று இரும்பு உலைகளிற் கரித்தூளைக் காற்றுக் குழாய்களின் வழியே செலுத்துகின்றனர். ஒரு தொன் இரும்புக்கு 150 முதல் 200 கிலோகிராம் வரை தூள் செலுத்தும் உலைகள் பலவுண்டு. விலை மிகுந்த கற்கரியின் தேவை இதனாற் குறைகின்றது.

ஆனால், உலையிற் பயன் தரும் அந்நுண்மையே உலைக்கு வெளியில் எமனாகின்றது. பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் 1906ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் கரித்தூள் வெடித்துப் பரவியதில் 1,099 பேர் மாண்டனர். ஆதலால், இரும்பாலைகளிற் கரி அரைக்கும் இயந்திரங்களுள் ஒட்சிசன் குறைந்த வாயுவை நிரப்புகின்றனர். தளத்திலும் விட்டங்களிலும் தூள் படியவிடாது துப்புரவு செய்கின்றனர். படிந்த தூள் ஒரு சிறு வெடிப்பினால் மேலெழுந்து, பெருவெடிப்புக்கு இரையாகக்கூடும்.

உலையைக் கண்டு வியக்கும் நாம், துடைப்பத்தோடு நிற்கும் தொழிலாளியை மறந்துவிடுகின்றோம். அவ்வாலையில் உள்ள அத்தனை பேரின் உயிருக்கும் அவரும் ஒரு காவலர்.