ரீல்ஸை 2 லட்சம் பேர் பார்த்தும் அறை நிரம்பவில்லையா? அந்தமான் கற்றுத்தரும் சமூக ஊடகக் கணக்கு

அந்தமானில் சின்னதாக ஒரு தங்கும் விடுதி நடத்தும் நண்பர் உங்களுக்கு போன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "எங்க ரீல்ஸை 2 லட்சம் பேர் பாத்திருக்காங்க. ஆனா புக்கிங் மட்டும் வரமாட்டேங்குது. என்ன பண்றது?" என்கிறார். நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

"இன்னும் நிறைய போஸ்ட் போடுங்க" என்பதுதான் பெரும்பாலானோர் சொல்லும் பதில். ஆனால், சிக்கல் அங்கே இல்லை.

அந்தமானில் என்ன மாறியது?

2020 வரை அந்தமான் நிக்கோபார் தீவுகளின் இணையம் பெரும்பாலும் செயற்கைக்கோளை நம்பியே இருந்தது. வேகம் குறைவு, செலவு அதிகம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று, சென்னையையும் போர்ட் பிளேரையும் இணைக்கும் கடலடி கண்ணாடி இழை கேபிளைப் பிரதமர் மோதி தொடங்கி வைத்தார். நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர், செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கிரேட் நிக்கோபார் உள்ளிட்ட தீவுகளும் இதில் இணைந்தன.

இதனால் வீடியோ ஏற்றுவது எல்லோருக்கும் சுலபமானது. ஆனால், உங்கள் நண்பருக்கு வந்த அதே வசதி பக்கத்து விடுதிக்கும், எதிரே உள்ள ஸ்கூபா மையத்துக்கும் வந்துவிட்டது. அதே நீலக் கடல், அதே ட்ரோன் காட்சி, அதே பாட்டு. பார்ப்பவருக்கு எது யாருடையது என்றே தெரிவதில்லை.

பார்வைகள் ஏன் பணமாக மாறுவதில்லை?

இதற்கு நல்ல உதாரணம் லட்சத்தீவு. 2024 ஜனவரியில் பிரதமர் அங்கு சென்ற படங்கள் வெளியானதும், தங்கள் தளத்தில் லட்சத்தீவு பற்றிய தேடல் 3,400% கூடியதாக மேக்மைட்ரிப் நிறுவனம் சொன்னது. ஆனால், தேடிய எல்லோரும் போய்விட முடியுமா? அங்கே அகத்தியில் மட்டும்தான் விமான நிலையம். இந்தியர்களும் நுழைவு அனுமதி வாங்க வேண்டும். கவனம் ஒரே வாரத்தில் பல மடங்கு கூடலாம். அறையும் படகும் அப்படிக் கூடாது.

அப்படியானால் எதை எண்ண வேண்டும்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நண்பரின் விடுதியில் 8 அறைகள். மாதத்துக்கு 240 இரவுகள். ஒரு குடும்பம் சராசரியாக 2 இரவு தங்கினால், 120 புக்கிங் வந்தாலே மாதம் முழுக்க ஹவுஸ்ஃபுல். விசாரிப்பவர்களில் ஐந்தில் ஒருவர் முன்பணம் கட்டுகிறார் என்று வைத்தால், தேவை மாதம் 600 விசாரணைகள். அதாவது, ஒரு நாளைக்கு 20.

அவருக்கு 2 லட்சம் பார்வைகள் தேவையே இல்லை. அந்த 20 வாட்ஸ்ஆப் செய்திகளுக்கு ஒழுங்காக, சீக்கிரமாகப் பதில் போக வேண்டும். "விலை என்ன?" என்று கேட்டவருக்கு மறுநாள் பதில் சொன்னால், அவர் அதற்குள் வேறு இடத்தில் பணம் கட்டியிருப்பார்.

எனவே, வாரம் ஒருமுறை மூன்று எண்களைக் குறித்துக்கொண்டால் போதும்: எத்தனை பேர் விசாரித்தார்கள், எத்தனை பேர் முன்பணம் கட்டினார்கள், ஒரு புக்கிங்குக்கு விளம்பரச் செலவு எவ்வளவு. "எங்களை எங்க பாத்தீங்க?" என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டால், எந்த வீடியோ வேலை செய்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

எந்தப் பெயரில் தேடுவார்கள்?

ஹேவ்லாக் 2018 டிசம்பரில் ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் தீவு ஷஹீத் த்வீப் ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் 'ஸ்ரீ விஜயபுரம்' ஆனது. ஆனால், பழைய பெயர்கள் இன்னும் பலர் வாயில் புழங்குகின்றன. பதிவில் புதுப் பெயரை மட்டும் போட்டால் பழைய பெயரில் தேடுபவர் கண்ணில் படமாட்டீர்கள். இரண்டையும் எழுதுங்கள்.

மொழியும் அப்படித்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அந்தத் தீவுகளில் வங்காளம், இந்திக்கு அடுத்து அதிகம் பேர் தாய்மொழியாகக் கொண்டது தமிழ். விடுதியிலேயே தமிழ் பேசும் ஊழியர் இருக்கலாம். "அம்மா, அப்பாவை கூட்டிட்டு வந்தா படகுல ஏற கஷ்டமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? கடல் கொந்தளிச்சு படகு ரத்தானா பணம் திரும்ப வருமா?" மதுரையிலிருந்து கிளம்பும் குடும்பத்தின் சந்தேகங்கள் இவை. இவற்றுக்குத் தமிழில் பதில் சொல்லும் ஒரு நிமிட வீடியோ, பத்து ட்ரோன் காட்சிகளை விட அதிக வேலை செய்யும்.

காலமும் முக்கியம். தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு அரையாண்டு விடுமுறை, பொங்கல், கோடை விடுமுறை என்று பயணத்துக்கான நாட்கள் ஏறக்குறைய தெரிந்தவை. டிசம்பர் கடைசியில் வருபவர், விமான டிக்கெட் விலை ஏறுவதற்கு முன்பே முடிவெடுக்கப் பார்ப்பார். விளம்பரப் பணம் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே இறங்க வேண்டும். டிசம்பரில் அறை நிரம்பிய பிறகு செய்யும் விளம்பரம், இல்லாத அறையை விற்பதுதான்.

எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

முதலாவது, இன்ஃப்ளூயன்ஸர்கள். மத்திய அரசு 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பணம் வாங்கினால் மட்டுமல்ல, இலவசமாகத் தங்கினாலும் அது விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. விளம்பரம் கொடுத்தவரும் இதில் தப்ப முடியாது.

இரண்டாவது, பழங்குடிகள். ஜாரவா மக்களைப் படம்பிடிப்பது சட்டப்படி குற்றம். வடக்கு சென்டினல் தீவை நெருங்கவே கூடாது. அங்கே அனுமதியின்றி இறங்கிய அமெரிக்க யூடியூபர் ஒருவர் 2025 மார்ச்சில் கைது செய்யப்பட்டார். வெளியுலகத்தின் சாதாரணக் காய்ச்சலே அம்மக்களுக்கு ஆபத்தாகலாம். அவர்களைக் காட்டி வரும் 'வைரல்' யாருக்கும் வேண்டாம்.

உங்களுக்கு இதில் என்ன?

உங்கள் தொழில் அந்தமானில் இல்லாமல் இருக்கலாம். கோவையில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கலாம். ஒரு நாளைக்கு உங்களால் 6 கேக்தான் செய்ய முடியும் என்றால், உங்களுக்கும் தீவின் கணக்குதான். முதலில் உங்களால் எவ்வளவு விற்க முடியும் என்று எழுதுங்கள். அதற்கு எத்தனை விசாரணைகள் தேவை என்று பின்னோக்கிக் கணக்கிடுங்கள். அடுத்த ரீல் எடுப்பதற்கு முன்பு, போனில் பதில் சொல்லாமல் கிடக்கும் செய்திகளை ஒருமுறை திறந்து பாருங்கள். இந்த மாதத்து வருமானம் அங்கேயே காத்திருக்கலாம்.