சாமி வரம் கொடுத்தாலும்...



'சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டார்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அந்தக் காலத்துப் பூசாரி கோயிலில் இருந்தார். பிறகு தாலுகா ஆபீஸ் மேசைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார். இன்றைக்கு அவர் எங்கே இருக்கிறார் தெரியுமா? வலைத்தளத்தில் இருக்கிறார்! பெயர், பிறந்த தேதி, முகவரி என்று கட்டம் கட்டமாக வந்து நிற்கும் ஆன்லைன் ஃபார்ம்தான் இன்றைய பூசாரி.

மிகைப்படுத்திச் சொல்வதாக எண்ண வேண்டாம். பாலிடெக்னிக்கில் சேர ஃபார்ம். டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ.யில் சேர ஃபார்ம். சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஸ்காலர்ஷிப், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் ஃபார்ம். நம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வேலைக்கும் ஆன்லைன் விண்ணப்பம்தான். அரசாங்கம் ஆயிரம் திட்டம் போடலாம். அந்தக் கட்டங்களைத் தாண்டியவனுக்குத்தான் பலன்.

தாண்ட முடியாதவரைப் பார்த்து நாம் என்ன சொல்கிறோம்? "அவங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுங்க" என்கிறோம். நான் சொல்வது இதற்கு நேர்மாறானது. நிரப்பத் தெரியாதவர் மேல் தப்பில்லை. நிரப்ப முடியாதபடி செய்தவர் மேல்தான் தப்பு. நாளைக்கு அதைச் செய்யப் போகிறவர்கள் யார்? கம்ப்யூட்டர் டிப்ளமோ படிக்கும் நாம்தான்! அதனால்தான் இந்தக் கட்டுரையை இந்த மலரில் எழுதுகிறேன்.

முதல் கட்டத்திலேயே தகராறு

முதல் கட்டம் பெயர். 'ஃபஸ்ட் நேம்', 'லாஸ்ட் நேம்' என்று இரண்டு கட்டம். இரண்டிலும் சிவப்பு நட்சத்திரம். தமிழனுக்கு ஏதப்பா லாஸ்ட் நேம்? நமக்கு இருப்பது ஒரு பெயர், அதற்கு முன்னால் அப்பாவின் அல்லது அம்மாவின் முதலெழுத்து. எஸ். முருகன் என்பவர் ஒரு ஃபார்மில் 'முருகன் எஸ்' ஆவார். இன்னொன்றில் அப்பா பெயரையும் சேர்த்து 'முருகன் சுப்பையா' ஆவார். மூன்றாவது ஃபார்ம் ஒற்றை எழுத்தை ஏற்காது. புள்ளி வைத்தால் 'இன்வேலிட் கேரக்டர்' என்று திட்டும். கடைசியில் சான்றிதழ் சரிபார்ப்பின்போது, "மூணு பேப்பர்ல மூணு பேர் இருக்கே, இதுல நீ யாருப்பா?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டியவர் முருகனா, ஃபார்மை வடிவமைத்தவரா?

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். அமெரிக்க விசாவிலோ, ஒற்றைப் பெயர்க்காரர்களின் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் தெரியவில்லையாம்!

பெயரின் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. நல்ல ஆணை. ஆனால் தமிழ் எழுத்தை ஏற்றுக்கொள்ளும் கட்டங்கள் எத்தனை? 'முழுப் பெயர், சான்றிதழில் உள்ளபடி' என்று ஒரே கட்டம் வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஊசிக்கும் ஃபார்ம்

ஃபார்ம் உயிர் விஷயமாகவும் ஆகும் என்பதை 2021-இல் நாடே பார்த்தது. கொரோனா இரண்டாவது அலை வீசிய நேரம். மே மாதம் தொடங்கி 18 முதல் 44 வயது வரையானவர்களுக்குத் தடுப்பூசி என்றார்கள். ஆனால் 'கோவின்' தளத்தில் முன்பதிவு கட்டாயம். தளமோ ஆங்கிலத்தில். ஸ்மார்ட் ஃபோனும் ஆங்கிலமும் உள்ளவருக்கு ஊசி; இல்லாதவருக்கு? அரசு மையங்களில் நேரில் பதியலாம் என்ற அனுமதி மே 24-ஆம் தேதிதான் வந்தது. ஜூனில் இந்தியும் பிராந்திய மொழிகளும் சேர்ந்தபோதும் முதல் பட்டியலில் தமிழ் இல்லை. குரல் எழுந்த பிறகு சேர்த்தார்கள்.

உச்ச நீதிமன்றம் 2021 மே 31 தேதியிட்ட ஆணையில் இதைக் கேள்வி கேட்டது. பார்வையற்றோர் அந்தத் தளத்தில் படும் பாட்டையும் எடுத்துச் சொன்னது. படத்தில் உள்ள எழுத்தைக் கேட்கும் கேப்சாவுக்கு ஒலி வழி இல்லை. கீ-போர்டு மட்டும் வைத்துக்கொண்டு தளத்தில் நகர முடியவில்லை. இவை ராக்கெட் விஞ்ஞானம் இல்லை, நண்பர்களே. நம் லேபில் செய்யக்கூடிய வேலைகள்!

"எடிட்... எடிட்... எடிட்..."

எங்கள் தெருவில் பார்வையில்லாத அண்ணன் ஒருவர் இருக்கிறார். பட்டதாரி. அரசு வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். டைப்பிங்கில் என்னைவிட வேகம். கம்ப்யூட்டரில் இருப்பதை ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள் அவருக்குப் படித்துக் காட்டும். ஒருநாள் ஒரு வேலைக்கான ஃபார்மை நிரப்பும்போது நான் பக்கத்தில் இருந்தேன். டேப் கீயைத் தட்டத் தட்ட அது "எடிட்... எடிட்... எடிட்..." என்றே சொல்லிக்கொண்டிருந்தது. எந்தக் கட்டம் பெயருக்கு, எந்தக் கட்டம் ஊருக்கு என்று அதற்குத் தெரியவில்லை. காரணம், திரையில் எழுத்து இருந்தது. கோடில் லேபிள் இல்லை. ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு வரி! அதை யாரோ எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.

கடைசியில் கேப்சா. 'படத்தில் காண்பதை டைப் செய்க.' பார்வை இல்லாதவரிடம்! அந்த அண்ணன் சிரித்துக்கொண்டே, "தம்பி, இது எனக்குக் கண் டெஸ்ட்டுடா" என்றார். வேறு வழியில்லாமல் எல்டாம்ஸ் சாலைப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய், ஃபோன், பாஸ்வேர்டு, ஓ.டி.பி. எல்லாவற்றையும் முன்பின் தெரியாத பையனிடம் கொடுத்து முடித்தார். படித்த மனிதரைக் கைநீட்ட வைத்தது ஒரு ஃபார்ம். அது எந்தத் துறையுடையது என்று சொல்லப் போவதில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றதெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும்!

கண் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்ன வாழ்கிறது? கடைசித் தேதி மாலையில் ஏதாவது ஒரு பிரவுசிங் சென்டரில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். போட்டோ 20 கே.பி.க்கு மேலே, 50 கே.பி.க்குக் கீழே இருக்க வேண்டுமாம். ஒரு கட்டம் தப்பானால் நிரப்பியது மொத்தமும் அழிந்துபோகும். பாதியில் 'செஷன் எக்ஸ்பயர்டு'. வீட்டு வேலை செய்யும் அம்மா, மகளின் ஸ்காலர்ஷிப்புக்காகக் காசு கொடுத்துக் கால்கடுக்க நிற்பார். இலவசத் திட்டத்துக்குக் கொடுக்கும் மறைமுகக் கட்டணம் அது.

சட்டம் என்ன சொல்கிறது?

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கும் மேல். 2021 ஜூன் முதல் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்குவதே ஆன்லைன் வழியாகத்தான். கண் தெரியாது என்று சான்று வாங்கவும் ஒரு ஃபார்ம்!

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பமும் எல்லோரும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. வங்கியில் ஆளை அடையாளம் காணும் கே.ஒய்.சி.க்காகக் கேமரா முன்னால் கண் சிமிட்டச் சொல்கிறார்கள் அல்லவா? ஆசிட் வீச்சில் கண் சிதைந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? பார்வையற்றவர் கேமராவுக்கு நேராக முகத்தை எப்படி வைப்பார்? இந்த வழக்கில் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் வசதிகளை அணுகுவது வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்புச் சொல்லி, 20 கட்டளைகள் பிறப்பித்தது. மகாதேவன் அவர்கள் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனவர் என்பதில் நமக்கும் பெருமை.

அமெரிக்காவில் பார்வையற்ற ஒருவர் டோமினோஸ் தளத்தில் பீட்சா ஆர்டர் செய்ய முடியவில்லை என்று வழக்குப் போட்டார். அந்த வழக்கைத் தடுக்கக் கம்பெனி உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது. 2019-இல் அந்த மனுவை எடுக்கவே மறுத்துவிட்டார்கள். பீட்சாவுக்கே அப்படி என்றால், ஸ்காலர்ஷிப்புக்கும் வேலைக்கும் நாம் எவ்வளவு கேட்க வேண்டும்!

"பாதுகாப்பு வேண்டாமா?"

கேப்சா இல்லாவிட்டால் திருட்டு மென்பொருள் புகுந்துவிடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்காரரே திறக்க முடியாத பூட்டு எதற்கு? 2023 அக்டோபரில் வெளியான டபிள்யு.சி.ஏ.ஜி. 2.2 என்ற உலகத் தரநிலை, லாகின் செய்ய ஞாபகசக்தியையும் புதிரையும் மட்டும் நம்பக் கூடாது, வேறு வழியும் வேண்டும் என்கிறது. ஒருமுறை கேட்டதை அதே வேலையில் மறுபடி கேட்காதே என்றும் சொல்கிறது. செலவாகும், நேரமாகும் என்பது இரண்டாவது சாக்கு. கட்டிய வீட்டை இடித்துச் சாய்தளம் வைத்தால்தான் செலவு. அஸ்திவாரத்திலேயே வைத்தால் செலவு குறைவு.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். நம் புராஜெக்ட்டில் ஒரு ஃபார்ம் இருந்தால்:

1. ஒவ்வொரு கட்டத்துக்கும் கோடில் லேபிள் எழுதுவோம். கட்டத்துக்குள் மங்கலாக எழுதும் குறிப்பு, டைப் செய்ய ஆரம்பித்ததும் மறைந்துவிடும். அது லேபிள் ஆகாது.

2. மௌஸைக் கழற்றி வைத்துவிட்டு, கீ-போர்டு மட்டும் வைத்து முதலிலிருந்து சப்மிட் வரை போய்ப் பார்ப்போம்.

3. தப்பைச் சிவப்பு நிறத்தில் மட்டும் காட்டாமல், 'தேதியை நாள்-மாதம்-வருடம் என்று எழுதுங்கள்' என்று வார்த்தையில், தமிழிலும் சொல்வோம்.

4. ஒரு தப்புக்காக நிரப்பியதை எல்லாம் அழிக்க மாட்டோம்.

5. என்.வி.டி.ஏ. ஸ்கிரீன் ரீடரைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு நம் ஃபார்மை நாமே நிரப்பிப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய மென்பொருள் அது, முற்றிலும் இலவசம்.

மாணவர் பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். சிம்போசியம் பதிவு முதல் நாமே நடத்தும் எல்லா ஃபார்மும் இந்த ஐந்தையும் தாண்டிய பிறகே வெளியாகட்டும். வைவாவில் 'மௌஸ் இல்லாமல் இயக்கிக் காட்டு' என்று ஒரு கேள்வி சேர்க்கச் சொல்லி நம் ஆசிரியர்களிடமும் கேட்போம்.

நாளை நாம் சின்னக் கம்பெனியிலோ பெரிய கம்பெனியிலோ சேருவோம். "சீக்கிரம் முடி, லேபிள் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று டீம் லீடர் சொல்லுவார். அந்த 'அப்புறம்' ஒருநாளும் வராது தோழர்களே! அந்த ஒரு வரியை அன்றைக்கே எழுதிவிடுங்கள். எங்கோ ஓர் ஊரில் ஒருவர், யாரிடமும் பாஸ்வேர்டைக் கொடுக்காமல், தன் விண்ணப்பத்தைத் தானே அனுப்பிவிட்டு நிமிர்ந்து உட்காருவார்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை