காப்பீட்டு ஆய்வறிக்கைகள்: ரகசியம் யாருக்காக?

புதுதில்லி: காப்பீட்டுத் துறையில் அன்னிய நேரடி முதலீட்டுக்கான உச்சவரம்பை 74 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாக உயர்த்தும் சட்டத் திருத்தத்துக்கு நாடாளுமன்றம் 2025 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. முறைகேடாக ஈட்டிய ஆதாயத்தை நிறுவனங்களிடமிருந்து திரும்பப் பெறும் அதிகாரமும் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்துக்கு (ஐஆர்டிஏஐ) இத் திருத்தத்தின் மூலம் கிடைத்துள்ளது. ஆனால், இந்த அதிகாரங்களைப் பயன்படுத்தி ஆணையம் திரட்டும் தகவல்களில் எவை மக்களுக்குத் தெரிய வேண்டும், எவை ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்ற கேள்வி தெளிவான விடையின்றி நீடிக்கிறது.

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மத்திய அரசின் பட்டியலில் 47-ஆவது இனமாகக் காப்பீடு இடம்பெற்றுள்ளது. எனவே இத்துறை குறித்துச் சட்டம் இயற்றும் பொறுப்பு நாடாளுமன்றத்தையே சாரும். ஹைதராபாதில் இயங்கும் ஐஆர்டிஏஐ, 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது. நிறுவனங்களின் கணக்குகளை வரவழைக்கவும், அலுவலகங்களில் ஆய்வு நடத்தவும், ஆவணங்களைக் கைப்பற்றவும் அதற்கு அதிகாரம் உண்டு. ஒரு நிறுவனத்தின் உண்மை நிலை குறித்து அதன் பங்குதாரர்களுக்குத் தெரியாததும் ஆணையத்துக்குத் தெரிந்திருக்கக் கூடும்.

யாருக்குத் தேவை?

பெங்களூரின் வைட்ஃபீல்ட் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த இப்பகுதியில் தமிழகத்திலிருந்து சென்று பணியாற்றுவோர் ஏராளம். இவர்களில் பலருக்கும் மருத்துவக் காப்பீடு என்பது வேலை தரும் நிறுவனம் எடுத்துக் கொடுக்கும் குழுக் காப்பீடுதான். காப்பீட்டு நிறுவனத்தைத் தேர்வு செய்பவர் முதலாளி. நிபந்தனைகளைப் பேசி முடிப்பவரும் அவரே. ஊழியருக்குக் கிடைப்பது ஓர் அட்டையும் ஒரு தொலைபேசி எண்ணும் மட்டுமே. வேலை பறிபோகும் நாளில், அதே நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாறுவதா, வேறு நிறுவனத்தை நாடுவதா என்று அவர் முடிவெடுக்க வேண்டியுள்ளது. அந்த நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவில் ஆணையம் குறை கண்டதா, அது சரிசெய்யப்பட்டதா என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. அவரிடம் இல்லாததும் அதுதான்.

இதில் புழங்கும் தொகை சிறிதல்ல. 2023-24 நிதியாண்டில் நாடு முழுவதும் 2.69 கோடி மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளுக்கு ரூ. 83,493 கோடி வழங்கப்பட்டதாகவும், ரூ. 15,100 கோடி மதிப்பிலான கோரிக்கைகள் அனுமதிக்கப்படவில்லை என்றும் ஆணையத்தின் ஆண்டறிக்கை தெரிவித்தது. இத்தகைய புள்ளிவிவரங்கள் வெளிவருகின்றன. அபராதம் விதிக்கும் ஆணைகளையும் ஆணையம் நிறுவனத்தின் பெயருடன் வெளியிடுகிறது. ஆனால், அபராதத்தில் முடியாமல் அறிவுரையோடு முடிந்துபோகும் ஆய்வுகளின் முடிவுகள் கோப்பிலேயே தங்கிவிடுகின்றன.

சட்டம் சொல்வது என்ன?

வெளிப்படைத்தன்மை இத்துறைக்குப் புதிதல்ல. நிறுவனங்கள் அளிக்கும் கணக்கு விவர அறிக்கைகளை எவரும் பார்வையிடலாம், கட்டணம் செலுத்தி நகல் பெறலாம் என்று 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் தனது 20-ஆவது பிரிவில் வகை செய்தது. நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே ஏற்கப்பட்ட கொள்கை இது. நிறுவனங்கள் தங்கள் நிதிநிலை விவரங்களை இணையதளத்தில் குறித்த காலத்தில் வெளியிட வேண்டும் என்று 2010-இல் ஆணையமும் உத்தரவிட்டது. ஆனால், இவை யாவும் நிறுவனம் தன்னைப் பற்றித் தானே கூறும் தகவல்கள். ஆணையம் நேரில் சென்று கண்டறிவது வேறு வகையைச் சார்ந்தது.

அங்குதான் 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் வருகிறது. பொதுத்துறையைச் சேர்ந்த எல்ஐசியிடமும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா நிறுவனத்திடமும் குடிமக்கள் நேரடியாகவே தகவல் கோரலாம். தனியார் நிறுவனங்களிடம் அவ்வாறு கோர முடியாது. எனினும், ஒரு தனியார் அமைப்பு குறித்து வேறொரு சட்டத்தின் கீழ் அரசு அமைப்பு பெறக்கூடிய விவரமும் "தகவல்" என்ற வரையறைக்குள் அடங்கும் என்கிறது சட்டத்தின் 2(எஃப்) பிரிவு. அதாவது, தனியார் காப்பீட்டு நிறுவனங்களைப் பற்றி அறிய குடிமக்களுக்குள்ள வாசல் ஐஆர்டிஏஐதான்.

அந்த வாசலில் இரு தடைகள் உள்ளன. வணிக ரகசியத்துக்கு 8(1)(டி) பிரிவும், நம்பிக்கையின் பேரில் ஒப்படைக்கப்பட்ட தகவலுக்கு 8(1)(இ) பிரிவும் விலக்கு அளிக்கின்றன. இரண்டாவது விலக்கைத்தான் ரிசர்வ் வங்கி தனது வங்கி ஆய்வறிக்கைகளுக்குக் கேடயமாக நீண்டகாலம் பயன்படுத்தி வந்தது. ஜெயந்திலால் மிஸ்திரி வழக்கில் 2015 டிசம்பர் 16-ஆம் தேதி தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் இதை நிராகரித்தது. ரிசர்வ் வங்கிக்கும் மற்ற வங்கிகளுக்கும் இடையே அத்தகைய நம்பிக்கை உறவு இல்லை. பொதுமக்களின் நலனைக் காப்பதே ரிசர்வ் வங்கியின் சட்டக் கடமை என்று நீதிபதிகள் எம்.ஒய். இக்பால், சி. நாகப்பன் அடங்கிய அமர்வு தெளிவுபடுத்தியது.

தீர்ப்பு வங்கித்துறை தொடர்பானது என்றாலும் அதன் வாதம் காப்பீட்டுக்கும் பொருந்தும். பாலிசிதாரர்களின் நலனைப் பாதுகாப்பதற்கே ஆணையம் அமைக்கப்படுவதாக 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முகப்புரையே கூறுகிறது. நிறுவனங்கள் ஆணையத்திடம் தகவல் தருவது நட்பின் பேரில் அல்ல, சட்டத்தின் கட்டாயத்தால். எனினும், வங்கிகளின் மனுக்கள் விசாரணைக்கு ஏற்கத்தக்கவை என்று 2022 செப்டம்பர் 30-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தகவல் உரிமையோடு தனியுரிமையையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்றும் அப்போது குறிப்பிட்டது.

பீதி வாதம்

ஆய்வு முடிவுகள் வெளியானால் மக்களிடையே பீதி பரவும் என்பது ரகசியத்தை ஆதரிப்போரின் முக்கிய வாதம். வங்கிக்கு இது ஓரளவு பொருந்தலாம். வதந்தி பரவினால் ஒரே நாளில் வைப்புத்தொகை வெளியேறிவிடும். காப்பீட்டில் அப்படியில்லை. ஆயுள் காப்பீட்டைப் பாதியில் கைவிட்டால் நஷ்டம் பாலிசிதாரருக்கே. பொதுக் காப்பீட்டில் ஆண்டுப் புதுப்பிப்பின்போதுதான் பலரும் வேறு நிறுவனத்துக்கு மாறுகின்றனர். கடன் தீர்க்கும் திறன் விகிதம் 1.5-க்குக் குறையக் கூடாது என்பது விதி. நேஷனல், ஓரியண்டல், யுனைடெட் இந்தியா ஆகிய மூன்று பொதுத்துறை நிறுவனங்களின் விகிதம் 2024 மார்ச்சில் சுழியத்துக்கும் கீழே இருந்தது. இது பகிரங்கமாக வெளியிடப்பட்ட தகவல். அதன்பின்னும் அந்நிறுவனங்கள் தொடர்ந்து இயங்கின. அரசு உரிமையாளராக இருப்பது இதற்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், உண்மை வெளிவந்தாலே நிறுவனம் சரிந்துவிடும் என்ற அச்சம் மிகையானது என்பதை இது காட்டுகிறது.

உண்மையில் காக்கப்பட வேண்டிய ரகசியம் காக்கப்படவில்லை என்பதே வேதனை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களது மருத்துவப் பரிசோதனை முடிவுகள் உள்ளிட்ட விவரங்கள் 2024-இல் டெலிகிராம் செயலி வழியே கசிந்தன. 3.1 கோடி பேரின் தகவல்கள் தன்னிடம் இருப்பதாக அவற்றைத் திருடியவர் உரிமை கொண்டாடினார். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. இரு காப்பீட்டு நிறுவனங்களிலிருந்து தகவல்கள் கசிந்திருப்பதாகவும், தனித் தணிக்கையாளர்களை நியமிக்குமாறு உத்தரவிட்டிருப்பதாகவும் 2024 அக்டோபரில் ஐஆர்டிஏஐ அறிக்கை வெளியிட்டது. அவ்வறிக்கையில் நிறுவனங்களின் பெயர் இடம்பெறவில்லை. நோயாளியின் நோய் வெளியே தெரிந்தது. நிறுவனத்தின் பெயரை ஒழுங்குமுறை ஆணையம் சொல்லவில்லை.

இந்நிலையில், எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இன் மூலம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு திருத்தப்பட்டு, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. முன்பு அப்பிரிவிலேயே இருந்த பொதுநல நிபந்தனை இப்போது இல்லை. நிறுவனம் தனிநபர் அல்ல என்பதால் காப்பீட்டு நிறுவனம் தனக்காக இவ்விலக்கைக் கோர இயலாது. ஆனால், தவறுக்குப் பொறுப்பான உயர் அதிகாரிகளின் பெயர்களை மறைக்க இது பயன்படக் கூடும். பொதுநலனே மேலோங்கும் எனும் 8(2) பிரிவு நீடிப்பது ஒன்றே ஆறுதல்.

அமெரிக்க முன்மாதிரி

அமெரிக்காவில் காப்பீட்டைக் கட்டுப்படுத்துவது மாநில அரசுகள். அங்குள்ள மாநில ஆணையர்களின் சங்கம் வகுத்த மாதிரிச் சட்டம் ஒரு நடுவழியைக் காட்டுகிறது. ஆய்வறிக்கையின் வரைவு முதலில் நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டு, மறுப்புத் தெரிவிக்க அவகாசம் தரப்படுகிறது. ஆணையர் அறிக்கையை ஏற்ற பின்னர், குறிப்பிட்ட நாள்கள் கழித்து அது மக்கள் பார்வைக்குத் திறக்கப்படலாம். ஆய்வின்போது திரட்டிய பணிக் குறிப்புகள் மட்டும் ரகசியமாகவே இருக்கும். நிறுவனத்தின் நியாயமான வணிக நலனும் பாலிசிதாரரின் அறியும் உரிமையும் இதில் ஒன்றையொன்று விழுங்குவதில்லை.

இதே பகுப்பை இந்தியாவிலும் சட்டத்தில் எழுதுவது கடினமல்ல. பாலிசிதாரரின் மருத்துவ, நிதி விவரங்களும், பிரீமியக் கணக்கீட்டு முறை போன்ற வணிக நுட்பங்களும் ரகசியமாக இருக்கட்டும். முடிவடைந்த ஆய்வின் முடிவுகளும், தகவல் கசிவு நேர்ந்த நிறுவனத்தின் பெயரும் குறித்த காலத்துக்குள் வெளியிடப்பட வேண்டும். ஐஆர்டிஏஐயின் ஆண்டறிக்கை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும் என்பது சட்டம். ஓராண்டில் எத்தனை நிறுவனங்கள் ஆய்வு செய்யப்பட்டன, அவற்றில் எத்தனை ஆய்வுகளின் முடிவுகள் மக்களுக்குத் தெரிவிக்கப்பட்டன என்று அடுத்த அறிக்கை வரும்போது உறுப்பினர்கள் கேட்கலாம். முழு அன்னிய உரிமைக்கு அனுமதி அளித்துவிட்ட அவைகளுக்கு அந்தக் கேள்வியை எழுப்பும் கடமையும் இருக்கிறது.