மூச்சுக்கு விலை வைக்கும் மருந்துக் கொள்கை

உலக ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவிகிதம் பேர் இந்தியாவில் உள்ளனர். ஆனால் ஆஸ்துமாவால் நேரும் மரணங்களிலோ 42 சதவிகிதத்திற்கு மேல் இந்தியாவின் பங்கு. 2019ஆம் ஆண்டின் உலக நோய்ச்சுமை மதிப்பீடு தரும் கணக்கு இது. ஏறத்தாழ 3.4 கோடி பேரைப் பாதித்துள்ள இந்நோய் பெரும்பாலும் கட்டுப்படுத்தக் கூடியது. அதற்கான அடிப்படை மருந்துகள் காப்புரிமைக் காலம் கடந்தவை. இந்திய நிறுவனங்களே தயாரித்து உலகெங்கும் ஏற்றுமதி செய்பவை. பிறகு ஏன் இத்தனை மரணங்கள்?

விடையின் ஒரு பகுதி, மருந்து உடலுக்குள் செல்லும் வழியில் இருக்கிறது. ஆஸ்துமா மூச்சுக்குழாயின் உட்சுவரில் நீடித்திருக்கும் அழற்சி. இழுப்பு வருவதும் போவதுமாக இருந்தாலும் அழற்சி அங்கேயே தங்கியிருக்கிறது. அதைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தை மைக்ரோகிராம் அளவில் நேரடியாக மூச்சுக்குழாய்க்கே கொண்டு சேர்ப்பதுதான் இன்ஹேலர். ஒருமுறை உறிஞ்சும்போது கிடைக்கும் சால்பூட்டமால் 100 மைக்ரோகிராம். சில நிமிடங்களில் நிவாரணம் தருகிறது. அதே மருந்தின் மாத்திரையில் இருப்பதோ 2,000 அல்லது 4,000 மைக்ரோகிராம். இருபது முதல் நாற்பது மடங்கு மருந்து இரத்தத்தில் கலந்து, கைநடுக்கத்தையும் படபடப்பையும் கொடுத்து, தாமதமாகவே நுரையீரலை அடைகிறது. ஆயினும் நாட்டின் பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் இழுப்போடு வருபவருக்குக் கிடைப்பது மாத்திரையும் ஊசியும்தான்.

இன்ஹேலர் கைக்கு வந்தாலும் பிரச்சனை தீர்ந்துவிடுவதில்லை. அழுத்தினால் மருந்தைப் பீய்ச்சும் கருவியை நன்றாகக் குலுக்கி, முதலில் மூச்சை முழுவதும் வெளியே விட்டு, உதடுகளால் இறுகக் கவ்வி, மெதுவாக ஆழ்ந்து உள்ளிழுக்கத் தொடங்கும் அதே கணத்தில் அழுத்த வேண்டும். பிறகு பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். அந்தக் கணம் தவறினால் மருந்து தொண்டையில் படிந்துவிடும். மாத்திரைக் குப்பி வைத்துப் பயன்படுத்தும் பொடி இன்ஹேலருக்கோ நேரெதிர் முறை: வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும், கருவிக்குள் ஊதிவிடக் கூடாது. அந்தக் குப்பியை வாயில் போட்டு விழுங்கிவிடும் நோயாளிகளும் உண்டு. அது அவர்களின் அறியாமை அல்ல; யாரும் சொல்லித் தராததன் விளைவு. ஸ்டீராய்டு மருந்தை இழுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும் என்ற எளிய செய்திகூடப் பலரை எட்டவில்லை.

குழந்தைகளும் முதியோரும் அந்தக் கணத்தைப் பிடிக்க இயலாது. அவர்களுக்கு இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் அறை தேவை. சில நூறு ரூபாய் விலையுள்ள அது பல அரசு மருந்தகங்களில் இருப்பதில்லை. அரை லிட்டர் குளிர்பானப் பாட்டிலில் துளையிட்டுச் செய்த ஸ்பேசரும் கடையில் வாங்கியதைப் போலவே குழந்தைகளுக்குப் பயன்படுகிறது என்று தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1999ஆம் ஆண்டிலேயே லான்செட் இதழில் நிறுவிக் காட்டினர். கால் நூற்றாண்டு கடந்தும் அந்தப் பாட்டில் நமது துணை சுகாதார நிலையங்களை வந்தடையவில்லை.

இந்தியாவில் ஆரம்பநிலை மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் நேரம் சராசரியாக இரண்டு நிமிடம் என்று 2017இல் ஒரு சர்வதேச ஆய்வு கூறியது. மருத்துவரின் கல்நெஞ்சம் இதற்குக் காரணமல்ல. நிரப்பப்படாத பணியிடங்களும் முடிவில்லா வரிசையுமே காரணம். இரண்டு நிமிடத்தில் நோயைக் கண்டறிந்து, கருவியைக் கையில் கொடுத்து, இழுக்கச் செய்து பார்த்துத் திருத்துவது எப்படி? இந்த வெற்றிடத்தில்தான் ‘இன்ஹேலர் பிடித்தால் பழகிவிடும்’, ‘அது கடைசிக் கட்ட மருந்து’ என்ற வதந்திகள் வேரூன்றுகின்றன. ஹைதராபாத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பல்லாயிரம் நோயாளிகள் மூலிகைப் பசை வைத்த உயிர் மீனை விழுங்க வரிசையில் நிற்கின்றனர். மருந்து என அழைக்கப்பட்டு வந்த அது, அறிவியல் இயக்கங்களின் எதிர்ப்புக்குப் பின் ‘பிரசாதம்’ ஆகிவிட்டது. மீன் வழங்கும் பொறுப்பை மட்டும் மாநில அரசின் மீன்வளத் துறை தொடர்கிறது!

விலைக் கொள்கையோ வேறொரு திசையில் செல்கிறது. 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை, உற்பத்திச் செலவை அடிப்படையாகக் கொண்ட பழைய முறையைக் கைவிட்டு, சந்தையில் நிலவும் விலைகளின் சராசரியையே உச்சவரம்பாக்கியது. நிறுவனங்கள் வைத்த விலைக்கு அரசு முத்திரை குத்துகிறது, அவ்வளவே. மொத்த விலைக் குறியீட்டைக் காட்டி 2022இல் 10 சதவிகிதத்திற்கும் மேலாகவும், 2023இல் 12 சதவிகிதத்திற்கும் மேலாகவும் உயர்த்த அனுமதி கிடைத்தது. பட்டியலுக்கு வெளியே உள்ள கூட்டு மருந்துகளுக்கு ஆண்டுதோறும் 10 சதவிகிதம் வரை ஏற்றிக்கொள்ளலாம். 2024 அக்டோபரில் ‘உற்பத்தி கட்டுப்படியாகவில்லை’ என்ற நிறுவனங்களின் வாதத்தை ஏற்று எட்டு மருந்துகளின் உச்சவிலையை ஒன்றிய அரசு 50 சதவிகிதம் உயர்த்தியது. அவற்றுள் சால்பூட்டமால் மாத்திரையும் நெபுலைசர் கரைசலும் அடக்கம். கட்டுப்படியாகும் விலையில் தயாரிக்கவே ஐடிபிஎல் போன்ற பொதுத்துறை ஆலைகள் உருவாக்கப்பட்டன. அவற்றை மூடவும் விற்கவும் 2016 டிசம்பரில் முடிவெடுத்தது இதே மோடி அரசு.

ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டின் முரண் இன்னும் கொடியது. மூச்சு முட்டி மருத்துவமனையில் சேர்ந்தால் தனியார் மருத்துவமனைக்குப் பணம் உண்டு. சேராமல் காக்கும் இன்ஹேலரை மாதந்தோறும் வாங்க, புறநோயாளிக்கு ஒரு பைசா இல்லை. செங்கல் சூளையிலும் பஞ்சாலையிலும் கட்டுமானத்திலும் தூசியை உள்ளிழுத்து உழைப்பவரும், எரிவாயு வாங்க வழியின்றி விறகு அடுப்புக்குத் திரும்பிய பெண்ணும் கூலியிலிருந்து அந்தச் செலவைச் செய்ய வேண்டும். இயலாதபோது, தணிப்பு மருந்தை விட்டுவிட்டு இழுப்பு வரும்போது மட்டும் சால்பூட்டமாலை நாடுகின்றனர். இப்பழக்கம் ஆபத்தானது என்று சர்வதேச வழிகாட்டு நெறிகள் 2019 முதல் எச்சரித்து வருகின்றன.

மாற்று இருக்கிறது. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசின் ஆர்த்ரம் இயக்கத்தின் கீழ் குடும்ப சுகாதார மையங்களில் ‘ஸ்வாஸ்’ சிகிச்சையகங்கள் தொடங்கப்பட்டன. செவிலியர்கள் நுரையீரல் திறன் பரிசோதனைக்கும் இன்ஹேலர் பயிற்சிக்கும் தயார்ப்படுத்தப்பட்டனர். மருத்துவரின் இரண்டு நிமிடத்தை நம்பியிராமல், செவிலியரின் இருபது நிமிடத்தைப் பயன்படுத்தும் வழி அது.

2025ஆம் ஆண்டின் உலக ஆஸ்துமா தின முழக்கம், ‘உள்ளிழுக்கும் சிகிச்சை அனைவருக்கும் கிடைக்கச் செய்வோம்’ என்பதாகும். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவிகிதத்தைப் பொதுச் சுகாதாரத்திற்கு ஒதுக்குவதாக 2017 தேசிய சுகாதாரக் கொள்கை அளித்த வாக்குறுதியின் கெடுவும் அதே 2025தான், அது நிறைவேறவில்லை. 1.7 லட்சத்திற்கும் மேற்பட்ட ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்களுக்குப் பெயர்ப்பலகை மாற்றிய ஒன்றிய அரசு, அவை ஒவ்வொன்றிலும் ஸ்டீராய்டு இன்ஹேலரும் ஸ்பேசரும் தடையின்றி இலவசமாகக் கிடைக்க நிதி ஒதுக்க வேண்டும். உற்பத்திச் செலவு அடிப்படையிலான விலைக் கட்டுப்பாடு திரும்ப வேண்டும். இன்ஹேலர் பயிற்சி அளிக்கும் பணியை ஆஷா ஊழியர்களிடம் ஒப்படைப்பதானால், அதை ஊக்கத்தொகைக் கணக்கில் சேர்க்காமல் ஊதியத்துடன் கூடிய வேலையாகவே ஒப்படைக்க வேண்டும்.