முதலில் சோறு



வைகாசிப் பௌர்ணமி பௌத்தர்களுக்கு வெசாக் திருநாள். பௌத்தம் என்றதும் பலருக்குக் கண்மூடி அமர்ந்த தியானம் நினைவுக்கு வரும். எனக்கு ஓர் ஏழை உழவனின் நினைவு வரும்.

பௌத்த நூலான தம்மபதத்தின் உரையில் வருகிறது அவன் கதை. ஆளவி என்ற ஊருக்குப் புத்தர் வருகிறார். அவர் சொல்வதைக் கேட்க ஆசைப்பட்ட அந்த உழவனின் மாடு அன்று பார்த்துக் காணாமல் போய்விட்டது. அலைந்து திரிந்து அதைக் கண்டுபிடித்துவிட்டு, பட்டினியோடு ஓடி வருகிறான். மற்றவர்கள் உண்டு முடித்து உபதேசத்துக்குக் காத்திருக்கிறார்கள். புத்தரோ அவனுக்காகக் காத்திருந்தார். அவன் வந்ததும், உணவு மீதம் இருக்கிறதா என்றுதான் முதலில் விசாரித்தார். அவன் வயிறாரச் சாப்பிட்ட பிறகே பேசத் தொடங்கினார். உடன் வந்த பிக்குகளே இதைக் கண்டு முணுமுணுத்தார்களாம். பசியால் வாடுகிறவனுக்கு அறம் விளங்காது என்பது புத்தர் தந்த விளக்கம்.

பசியை நோயாகப் பார்க்கும் கண் தமிழுக்கும் உண்டு. பசிப்பிணி என்றே சொல்கிறோம். அந்தப் பிணி தீர்க்கத்தான் தமிழின் பௌத்தக் காப்பிய நாயகி மணிமேகலை அமுதசுரபியை ஏந்தினாள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் அது. ஆனாலும் ஆதிரை என்ற இல்லத்தரசி முதல் பிச்சை இட்ட பிறகுதான் அதிலிருந்து ஊருக்கே சோறு கிடைத்தது. அற்புதத்துக்கும் ஒரு வீட்டு அடுப்படி தேவைப்பட்டிருக்கிறது.

இலங்கையில் வெசாக் நாட்களில் வீதியோரம் 'தன்சல்' பந்தல்கள் முளைக்கும். தானசாலை என்பதே அந்தச் சொல்லின் பொருள். போகிற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி, இன்னார் என்று கேட்காமல் சோறும் அவித்த கடலையும் குளிர்பானமும் கொடுப்பார்கள். பௌத்தம் எண்ணும் பத்துப் பாரமிதைகள் என்னும் நற்பண்புகளில் முதலாவது தானம். அதைத் தெருவில் கண்ணால் பார்க்கலாம்.

நமக்குப் பந்தல் போட வசதி இல்லாமல் இருக்கலாம். பள்ளி விட்டு வாடி வரும் பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேட்கும் முன், வீட்டு வேலைக்குத் தாமதமாக வரும் அக்காவிடம் காரணம் கேட்கும் முன், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கலாமே. இல்லை என்றால், உட்காரவைத்து ஒரு தட்டு வையுங்கள். சொல்ல வேண்டியதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஆசிரியர்